தோற்கத் தெரிந்த தியரி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பேப்பரில் இரண்டாம் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை, காலிங் பெல். கதவைத் திறந்தால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் ஜோல்னாப் பை. உட்காருவதற்கு முன்பே பையிலிருந்து ஸ்பைரல் பைண்டிங் செய்த முந்நூறு பக்கங்களை எடுத்து டீப்பாய் மேல் வைத்தார்.

“சார், ஐன்ஸ்டீன் தப்பு.”

“முதல்ல உட்காருங்க சார். காபி சாப்பிடறீங்களா?”

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. விஞ்ஞானம் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி எழுதுகிற எவனுக்கும் வருஷத்துக்கு ஐந்தாறு பேராவது இப்படி வருவார்கள். எனக்கு இவர்களைப் பிடிக்கும். ரிடையர் ஆன பிறகு சீரியல் பார்த்துக்கொண்டு கிடக்காமல், பிரபஞ்சம் எப்படி இயங்குகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற மனிதர் மோசமானவராக இருக்க முடியாது.

காபி வந்தது. புரட்டிப் பார்த்தேன். ஈர்ப்பு விசை என்று ஒன்று கிடையாது, எல்லாம் ஒருவிதமான அழுத்தம் என்பது அவர் கட்சி. படங்கள் நேர்த்தியாக, ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார். எல்லாரையும் கேட்கிற ஒரே ஒரு கேள்வியை அவரையும் கேட்டேன்.

“சார், என்ன பரிசோதனை பண்ணி, என்ன விடை வந்தா, ‘சரி, என் தியரி தப்பு’ன்னு ஒத்துக்குவீங்க?”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கோபமில்லை, நிஜமான ஆச்சரியம்.

“அது எப்படி சார் தப்பாகும்? இருபது வருஷ உழைப்பு!”

இந்த வாரம் என் சண்டை அந்த ஒரு பதிலோடுதான். அவரோடு மட்டும் இல்லை. அதே பதிலை வெவ்வேறு சட்டை போட்டுக்கொண்டு சொல்கிற எல்லாரோடும்.

*

இருபது வருஷ உழைப்பு 1.7 விநாடியில் செத்துப்போகும். போயிருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டுச் சண்டைக்கு வருகிறேன்.

2017 ஆகஸ்ட் 17. இந்திய நேரம் மாலை 6 மணி 11 நிமிஷம். நம்மில் பலர் ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, பூமி முழுவதும் மிக மிக மெல்லியதாக ஒரு நடுக்கம் கடந்து போனது. பூகம்பம் இல்லை, ஈர்ப்பு அலை. வெளியே இழுபட்டுச் சுருங்குகிற அலை. அமெரிக்காவில் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் இருக்கும் லைகோ கருவிகள் அதைப் பிடித்தன. இத்தாலியில் பைசா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விர்கோ கருவியில் மட்டும் சிக்னல் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்வே ஒரு துப்பு. அலை எந்தத் திசையிலிருந்து வந்தால் விர்கோவுக்குச் சரியாகக் கேட்காது என்று கணக்குப் போட்டு, வானத்தில் தேட வேண்டிய இடத்தைச் சுருக்கினார்கள்.

ஈர்ப்பு அலை முடிந்து 1.7 விநாடி கழித்து, விண்வெளியில் சுற்றிக்கொண்டிருந்த ஃபெர்மி செயற்கைக்கோளில் ஒரு காமா கதிர் வெடிப்பு பதிவானது. காமா கதிரும் ஒளிதான், நம் கண்ணுக்குத் தெரியாத, சக்தி மிகுந்த ஒளி. அடுத்த பதினோரு மணி நேரத்துக்குள் சிலி நாட்டில் ஒரு மீட்டர் விட்டமே உள்ள ஸ்வோப் தொலைநோக்கி, என்ஜிசி 4993 என்கிற காலக்ஸியின் ஓரத்தில் முந்தைய நாள் இல்லாத ஒரு வெளிச்சப் புள்ளியைக் கண்டுபிடித்தது. 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றி மோதி ஒன்றாகியிருக்கின்றன. இரண்டும் சேர்ந்து சூரியனைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு எடை. ஆனால் ஒவ்வொன்றும் தாம்பரத்துக்குள் அடங்கிவிடாவிட்டாலும் சென்னைக்குள் தாராளமாக அடங்கிவிடும் சைஸ்.

அக்டோபர் 16ல் செய்தி வெளியானது. நம் ஊரில் பெரும்பாலும் தலைப்பானது என்ன தெரியுமா? தங்கம்! அந்த மோதலில் ஏராளமான தங்கமும் பிளாட்டினமும் உண்டாகியிருக்கும் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அது உண்மை, நல்ல கண்டுபிடிப்பும்கூட. நகைக்கடைக்காரர்கள் லாரி அனுப்ப முடியாத தூரத்தில் இருக்கிறதே என்று வருத்தப்பட்டிருக்கலாம். ஆனால் என் கட்சி வேறு. அன்றைய பெரிய செய்தி தங்கம் இல்லை. அந்த 1.7 விநாடி.

*

யோசித்துப் பாருங்கள். ஒளியும் ஈர்ப்பு அலையும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி 13 கோடி வருஷம் ஓடியிருக்கின்றன. கிளம்பும்போது பூமியில் டைனோசர்கள் மேய்ந்துகொண்டிருந்தன. 13 கோடி வருஷத்தை விநாடியில் எழுதினால் 4 போட்டுப் பின்னால் 15 சைபர். அவ்வளவு ஓட்டத்துக்குப் பின் வித்தியாசம் 1.7 விநாடி.

உதாரணத்துக்கு, சென்னை சென்ட்ரலிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு ரயில்கள் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் டெல்லிக்குக் கிளம்புகின்றன. சுமார் 2200 கிலோமீட்டர். ஒன்று டெல்லியில் நுழையும்போது மற்றது எவ்வளவு பின்தங்கியிருக்கும்? அந்த நட்சத்திரப் பந்தயத்தின் விகிதப்படி, தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய எண்பதாயிரத்தில் ஒரு பங்கு. நம் ரயில்வே மன்னிக்க வேண்டும்.

“அந்த 1.7 விநாடிகூட ஏன்?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இரண்டும் ஒரே நொடியில் கிளம்பியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மோதல் முடிந்து, சிதறிய குப்பையைத் துளைத்துக்கொண்டு காமா கதிர் வெளியே வரக் கொஞ்சம் நேரம் பிடித்திருக்கலாம். எனவே விஞ்ஞானிகள் இரண்டு பக்கமும் யோசித்தார்கள். ஒன்று, இரண்டும் சேர்ந்தே கிளம்பி, ஈர்ப்பு அலை வேகமாக ஓடி 1.7 விநாடி முந்தியது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, காமா கதிர் 10 விநாடி தாமதமாகக் கிளம்பி, மெதுவாக வந்த ஈர்ப்பு அலையைத் துரத்தியது என்று வைத்துக்கொள்வோம். தூரத்தையும் வேண்டுமென்றே குறைத்து எடுத்துக்கொண்டார்கள். தமக்குச் சாதகமான கணக்கு வேண்டாம், பாதகமான கணக்கிலும் நிற்கிறதா பார்ப்போம் என்கிற நேர்மை இது. விடை: ஈர்ப்பு அலை ஒளியைவிட வேகம் என்றால் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வேகம். மெதுவு என்றால் அதே ஆயிரம் லட்சம் கோடியில் மூன்று பங்குதான் மெதுவு. சுருக்கமாக, இரண்டும் ஒரே வேகம்.

இதனால் என்ன? இதனால் ஒரு வரிசைத் தியரிகள் அன்றோடு காலி.

*

ஈர்ப்பு விசையை எதற்காகத் திருத்த வேண்டும், நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது என்று தோன்றும். நன்றாகப் போகவில்லை. 1970ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா காலக்ஸியின் சுழற்சியை அளந்தார்கள். பிறகு மற்ற காலக்ஸிகளையும் அளந்தார்கள். ஓரத்தில் இருப்பவை எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றின. கண்ணுக்குத் தெரிகிற பொருளின் ஈர்ப்பு மட்டும் என்றால் அந்த வேகத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. 1998ல் இன்னொரு இடி. பிரபஞ்சம் விரிகிற வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது.

பெரும்பாலோர் என்ன சொன்னார்கள்? கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருக்கிறது, அதற்கும் மேல் கரும் ஆற்றல் என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து பிரபஞ்சக் கணக்கில் 95 சதவிகிதம்! தெரிந்தது 5 சதவிகிதம்தான். இதைக் கேட்டதும் ஒரு சாரார் முகம் சுளித்தார்கள். பட்ஜெட்டில் 95 சதவிகிதம் ‘இதர செலவு’ என்று எழுதியிருந்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? பொருளைக் கற்பனை செய்யாதே, விதியைத் திருத்து என்றார்கள்.

இரண்டு வழியுமே மரியாதையான வழிதான். ஒரே மனிதர் இரண்டையும் பார்த்திருக்கிறார். பிரான்ஸ் நாட்டு லெ வெரியே. யுரேனஸ் கிரகம் கணக்குப்படி நகரவில்லை என்றதும், அப்பால் தெரியாத கிரகம் ஒன்று இழுக்கிறது என்று இடத்தையும் குறித்துக் கொடுத்தார். 1846ல் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பியதும் நெப்டியூன் அங்கே இருந்தது. பிறகு புதன் கிரகமும் கணக்கில் கொஞ்சம் பிசகியது. பழைய பழக்கத்தில், சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கிரகம் இருக்கிறது என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. ஆளைத்தான் காணோம். ஏனென்றால் அங்கே தப்பு கிரகத்தில் இல்லை, நியூட்டனின் விதியில். 1915ல் ஐன்ஸ்டீன் புதிய விதி எழுதிப் புதனின் கணக்கைச் சரிசெய்தார்.

அதனால், “ஐன்ஸ்டீனைத் திருத்துகிறேன்” என்று ஒருவர் சொன்னால் சிரிக்காதீர்கள். ஐன்ஸ்டீனே திருத்திய பேர்வழிதான்.

1983ல் மோர்டஹாய் மில்க்ரோம் என்ற இஸ்ரேலிய விஞ்ஞானி அந்தத் திருத்தத்தை ஆரம்பித்தார். ஈர்ப்பு மிகவும் பலவீனமாகிற இடத்தில் விதியே மாறுகிறது என்றார். அதை ஐன்ஸ்டீன் பாஷையில் முழுமையாக எழுதிக் காட்டியவர் ஜேக்கப் பெக்கன்ஸ்டீன், 2004ல். சாதாரண ஆள் இல்லை. கருந்துளைக்கு என்ட்ரோபி உண்டு என்று முதலில் சொல்லி, ஸ்டீஃபன் ஹாக்கிங்கையே முதலில் கோபப்படவும் பிறகு ஒப்புக்கொள்ளவும் வைத்தவர்.

அவருடைய தியரியின் சாரம் இது. ஒளியும் நட்சத்திரங்களும், கரும்பொருள் இருந்தால் வெளி எப்படி வளைந்திருக்குமோ அப்படிப்பட்ட வெளியில் போகும். ஈர்ப்பு அலை மட்டும், நிஜமாக இருக்கிற பொருள் வளைத்த வெளியில் போகும். அதாவது ஒரே ஊருக்கு இரண்டு ரோடு.

இப்போது முக்கியமான வருஷம் வருகிறது. 2007. லைகோ ஒரு அலையைக்கூடப் பிடித்திருக்கவில்லை. எம்ரே கஹ்யா, ரிச்சர்ட் உட்வர்ட் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். கனமான பொருளைக் கடந்து வரும் ஒளி கொஞ்சம் தாமதப்படும், இது 1964ல் ஷப்பீரோ சொல்லி, அளந்தும் பார்த்தாயிற்று. ஐன்ஸ்டீன் சரி என்றால், ஈர்ப்பு அலைக்கும் அதே தாமதம். இரண்டு ரோடு தியரி சரி என்றால், ஒளிக்கு மட்டும் கரும்பொருளின் தாமதம், ஈர்ப்பு அலைக்கு இல்லை. எனவே என்றைக்காவது ஒரு வெடிப்பிலிருந்து இரண்டும் வந்தால், கடிகாரத்தைப் பாருங்கள். சேர்ந்து வந்தால் அந்த வகைத் தியரிகள் மொத்தமும் தப்பு. இதுதான் அவர்கள் எழுதியதன் சாரம்.

பத்து வருஷம் கழித்து இரண்டும் வந்தன. அதே இருவரோடு ஐஐடி ஹைதராபாத்தின் சாந்தனு தேசாயும், போரான் என்பவரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். வழியில் கரும்பொருளால் ஏற்பட வேண்டிய தாமதம் சுமார் 400 நாள். கடிகாரத்தில் இருந்தது 1.7 விநாடி.

அவ்வளவுதான், ஆட்டம் க்ளோஸ். பெக்கன்ஸ்டீன் இதைப் பார்க்கவில்லை. 2015 ஆகஸ்டில், முதல் ஈர்ப்பு அலை பதிவாவதற்கு ஒரு மாதம் முன்பு, காலமாகிவிட்டார். பார்த்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார், மனிதர்தானே. ஆனால் ‘அது எப்படித் தப்பாகும்’ என்று யாரையும் கேட்க முடியாதபடி தியரியை எழுதி வைத்திருந்தார். அதுதான் அவருக்குப் பெருமை.

கரும் ஆற்றலுக்காக எழுதிய தியரிகளுக்கும் அதே கதி. 1974ல் கிரகரி ஹார்ண்டெஸ்கி என்ற கணித மேதை, ஈர்ப்போடு இன்னொரு புலம் சேர்த்தால் என்னென்ன வகையில் சமன்பாடு எழுதலாம் என்று ஒரு பெரிய பட்டியலே கொடுத்தார். கொடுத்துவிட்டு, பிற்காலத்தில் விஞ்ஞானத்தை விட்டு ஓவியராகப் போய்விட்டார். அந்தப் பட்டியலைப் பல வருஷம் கழித்துத் தூசி தட்டி எடுத்து, நூற்றுக்கணக்கில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்கள். அதில் சிக்கலான இனங்களில், பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும் அந்தப் புலத்தில் ஈர்ப்பு அலை மாட்டிக்கொண்டு வேகம் மாறும். அலையும் ஒளியும் சேர்ந்து வந்தால் இவை பிழைக்காது என்று லூகாஸ் லாம்ப்ரைசரும் நெல்சன் லிமாவும் 2016லேயே எச்சரித்திருந்தார்கள். 2017 டிசம்பரில், ஒரே பத்திரிகையில் நாலைந்து குழுக்கள் தனித்தனியாக அந்த மரண அறிவிப்பை வெளியிட்டன. வேகத்தைத் தொடாத எளிய இனங்கள் பிழைத்தன.

இதில் என்னை அசத்தியது வேறு. அந்த அறிவிப்பை எழுதியவர்களில் சிலர், அதே தியரிகளில் வருஷக்கணக்கில் உழைத்தவர்கள். தான் வளர்த்த ஆட்டைத் தானே வெட்டியவர்கள்.

*

இப்போது சண்டை.

2019 ஜனவரி, ஜலந்தர். 106வது இந்திய அறிவியல் மாநாடு. அங்கே ஒரு பேச்சாளர், நியூட்டனும் ஐன்ஸ்டீனும் தப்பு என்று சொல்லிவிட்டு, தன் கொள்கை ஏற்கப்பட்டதும் ஈர்ப்பு அலைகளுக்கு நம் பிரதமரின் பெயர் வைக்கப்படும் என்றார். பெயர் சூட்டு விழாவுக்கே தேதி குறித்துவிட்டார், குழந்தை பிறந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. உலகம் சிரித்தது. மாநாட்டுக்காரர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். நாமும் சிரித்துவிட்டு மறந்துவிட்டோம்.

நாம் எதற்குச் சிரித்தோம்? ‘ஐன்ஸ்டீனைப் போய்த் தப்பு என்கிறானே’ என்று சிரித்தோம். அங்கேதான் நாமும் தப்பு. ஐன்ஸ்டீனைத் தப்பு என்று சொன்னதில் கேலிக்குரியது எதுவுமில்லை. பெக்கன்ஸ்டீனும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். கேலிக்குரியது, தான் எப்போது தோற்றதாக அர்த்தம் என்று சொல்லாமல் மேடை ஏறியது. பெயர் மட்டும் தயார், பந்தயம் தயார் இல்லை.

ஐன்ஸ்டீன் பக்தர்களுக்கும் இதே கேள்விதான். 2017ல் ‘ஐன்ஸ்டீன் மறுபடி ஜெயித்தார்’ என்று போட்டார்கள். கட் அவுட் வைத்துப் பாலாபிஷேகம் செய்யாத குறை. அவர் சினிமா நடிகர் இல்லை சாமி! ஈர்ப்பு அலை விஷயத்தில் அவரே தடுமாறியவர். 1936ல் நாதன் ரோசனோடு சேர்ந்து, ‘ஈர்ப்பு அலை கிடையாது’ என்று ஒரு கட்டுரை எழுதி ஃபிசிகல் ரிவ்யூவுக்கு அனுப்பினார். ஆசிரியர் அதை இன்னொரு நிபுணருக்கு அனுப்ப, அவர் பத்துப் பக்கத்துக்குத் தப்பை எழுதி அனுப்பினார். ஐன்ஸ்டீனுக்கு மகா கோபம். உங்களை யார் அதைக் காட்டச் சொன்னது என்று கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் சில மாதங்களில் தப்பு புரிந்தது. 1937ல் வேறு பத்திரிகையில் வெளிவந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. ஐன்ஸ்டீன் பெரியவர் என்பதற்கு எனக்கு இந்தச் சம்பவமே போதும். கோபித்துக்கொண்டார், பிறகு திருத்திக்கொண்டார்.

தவிர, அந்த 1.7 விநாடி ஐன்ஸ்டீனை நிரந்தரமாக நிரூபித்துவிடவில்லை. அவரோடு போட்டியிட்ட சில பேரை வெளியேற்றியது, அவ்வளவே. கரும்பொருள் துகளைச் சுரங்கங்களுக்கு அடியில் கருவி வைத்து எத்தனையோ வருஷமாகத் தேடுகிறார்கள், இன்னும் அகப்படவில்லை. 95 சதவிகித ‘இதர செலவு’ இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு வக்கீல் நண்பர் என்னை மடக்கினார். “ஒரு தியரி செத்தா இன்னொண்ணு கட்டிக்கறாங்களே. அதுவும் சால்ஜாப்புதானே?” நியாயமான கேள்வி. நிஜமாகவே அப்படி நடந்திருக்கிறது. கான்ஸ்டான்டினோஸ் ஸ்கோர்டிஸ், டாம் ஸ்லோஸ்னிக் இருவரும் 2021ல் மில்க்ரோம் வழியில் ஒரு புதுத் தியரி வெளியிட்டார்கள். இதில் ஈர்ப்பு அலை ஒளியின் வேகத்தில்தான் போகும். 2018ல் க்ளாடியா டி ராமும் ஸ்காட் மெல்வில்லும் இன்னொரு சந்தேகம் கிளப்பினார்கள். லைகோ கேட்டது விநாடிக்கு நூற்றுக்கணக்கில் அதிரும் அலை. அந்தத் தியரிகள் பேசுவதோ பிரபஞ்ச அளவிலான சங்கதி. இங்கே கிடைத்த தீர்ப்பு அங்கே அப்படியே செல்லுமா?

இது சால்ஜாப்பு இல்லை. வித்தியாசத்தைப் பாருங்கள். பழையது செத்தது என்று முதலில் ஒப்புக்கொண்டார்கள், அதே சவத்துக்குப் பவுடர் பூசவில்லை. புதியது, பிரபஞ்சத்தின் ஆதி ஒளியில் இருக்கும் ஏற்ற இறக்கங்களுக்கும் பொருந்த வேண்டும் என்று தானே இன்னொரு சுருக்கில் கழுத்தை நீட்டியது. இரண்டாவது சந்தேகத்துக்கும் பரிசோதனை உண்டு. ஐரோப்பிய விண்வெளிக் கழகம் 2024ல் ஒப்புதல் தந்து, 2035 வாக்கில் ஏவ இருக்கும் லிசா, விண்வெளியில் மிக மெதுவான ஈர்ப்பு அலைகளைக் கேட்கும். அங்கே பார்த்துக்கொள்ளலாம். வாய்தா வாங்கினாலும் அடுத்த தேதி போட்டுத்தான் வாங்குகிறார்கள். வக்கீல் நண்பர் அதற்குமேல் பேசவில்லை.

*

இதெல்லாம் வானத்து சமாச்சாரம், நமக்கு என்ன என்கிறீர்களா? உங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது சார் இந்த விஷயம்.

ஆறு வாரத்தில் முடி வளரும் என்று தைலம் விற்கிறார்கள். வளர்ந்தால் தைலத்தின் மகிமை. வளராவிட்டால் உங்கள் உடல்வாகு, நீங்கள் பத்தியம் இருந்த லட்சணம். எந்த நிலையிலும் தைலம் தோற்காது. ஷேர் மார்க்கெட் ஏறும் என்பவர், இறங்கினால் ‘இது தற்காலிகத் திருத்தம்’ என்பார். தேர்தலில் அறுதிப் பெரும்பான்மை என்று அடித்துச் சொன்னவர், முடிவு மாறியதும் ‘அலை தெரிந்தது, வாக்காக மாறவில்லை’ என்று அதே நாற்காலியில், அதே டையோடு, அடுத்த ஆரூடத்துக்குத் தயாராகிறார். தோற்க மறுக்கிற மனிதர்களை நாம் நிபுணர் என்கிறோம். தோற்றேன் என்று சொல்கிறவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்கிறோம்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஈர்ப்பு விசை என்றால் என்ன, இரண்டு மதிப்பெண். நியூட்டனின் விதியைக் கூறு, ஐந்து மதிப்பெண். ‘இந்த விதி தப்பு என்று தெரிய வேண்டுமானால் வானத்தில் என்ன பார்க்க வேண்டும்?’ என்று ஒரு கேள்வியாவது எந்தக் கேள்வித்தாளிலாவது பார்த்திருக்கிறீர்களா? புதன் கிரகம் அந்தக் கேள்வியை அறுபது வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுவதே இல்லை. சரியான விடைகளை மட்டும் கொடுத்து வளர்க்கிறோம். எதைக் கொண்டு சரி என்று தெரிந்தது என்பதை மறைத்துவிடுகிறோம். பிறகு அவர்கள் தைலம் வாங்கினால் யார் குற்றம்?

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகாராஷ்டிராவில் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா வரப்போகிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2600 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. உடனே, சோற்றுக்கே வழியில்லாத நாட்டில் இது தேவையா என்றார்கள். தலைக்கு இருபது ரூபாய்கூட வரவில்லை. ஒரு டீயும் வடையும். இந்தியா இதில் புது ஆளும் இல்லை. 2017 மோதலின் ரேடியோ ஒளியைப் புனே அருகே உள்ள நம் ராட்சத ரேடியோ தொலைநோக்கியும் பார்த்தது. ஈர்ப்பு அலை ஆய்வில் நம் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்துக்காரர்களும் இருக்கிறார்கள். பூமியின் இந்தப் பக்கத்தில் ஒரு காது இருந்தால், அடுத்த மோதல் வானத்தில் எங்கே என்று சட்டென்று குறிபார்க்கலாம், ஒளி மங்குவதற்குள் தொலைநோக்கியைத் திருப்பலாம். 2017க்குப் பிறகு அவ்வளவு தெளிவாக ஒளியும் அலையும் சேர்ந்து வந்த இன்னொரு ஜோடி சிக்கவில்லை. தீர்ப்பு ஒரே ஒரு சாட்சியை வைத்து வந்திருக்கிறது. இன்னும் சாட்சிகள் வேண்டும். அந்தச் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றத்தான் இந்த டீயும் வடையும்.

*

பெரியவரை விட்டுவிட்டேன். இவ்வளவையும் அவரிடமும் சொன்னேன். காபி ஆறிப்போயிருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார்.

“சார், என்னைக் கேட்டீங்க. ஒளியும் ஈர்ப்பு அலையும் ஒரே வேகம்னு இவ்வளவு அடிச்சுச் சொல்றீங்களே, என்ன வந்தா அது தப்புன்னு நீங்க ஒத்துக்குவீங்க?”

சரியான அடி. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். என் பதில் இது, வாசகர்களும் குறித்து வைத்துக்கொள்ளலாம். அந்த 1.7 விநாடி, கிளம்பிய இடத்தில் ஏற்பட்ட தாமதம் என்றால், அடுத்த ஜோடி எவ்வளவு தூரத்தில் மோதினாலும் வித்தியாசம் சில விநாடிக்குள்தான் இருக்க வேண்டும். வேகமே வேறு என்றால், தூரம் கூடக்கூட வித்தியாசமும் கூட வேண்டும். பத்து மடங்கு தூரத்தில் 17 விநாடி, இருபது மடங்கு தூரத்தில் 34 விநாடி என்று ஒழுங்காக வரிசை கட்டி வந்தால், இந்தக் கட்டுரை தப்பு. இதே பக்கத்தில், இதே சைஸ் எழுத்தில், தப்பு என்று எழுதுவேன்.

“நல்லது சார்” என்றார். முந்நூறு பக்கத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டார். “முதல் பக்கத்துல இப்படி ஒரு வரி எழுதணும், இல்லையா?”

“அது ஒண்ணு எழுதிட்டா, மிச்சத்தை நான் உட்கார்ந்து முழுசாப் படிக்கறேன் சார்.”

இன்னும் வரவில்லை. வந்தால் புதுக் காபி போடச் சொல்லியிருக்கிறேன்.